பத்துக்கு ஏழு

ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான டெகாத்லான் 1912இல் தொடங்கியது: பத்துப் போட்டிகள். பெண்களுக்கு 1964இல் ஐந்து கிடைத்தன, 1984இல் ஏழாயின. பத்தாண்டுக்கு ஒன்று வீதம் உயர்வு. அதே நடையில் போயிருந்தாலும் 2014இல் பத்து வந்திருக்கும். கணக்கு ஏழிலேயே நின்றது.

வட்டெறிதல் 1928 முதலும், 1500 மீட்டர் 1972 முதலும், கோலூன்றித் தாண்டுதல் 2000 முதலும் பெண்களுக்குத் தனித்தனியே உண்டு. சேர்த்துச் செய்தால்தான் உடம்புக்கு ஆகாது என்பது அட்டவணை தந்த மருத்துவச் சான்று.

லிதுவேனியாவின் ஆஸ்த்ரா ஸ்குயித்தே 2005இல் பத்தையும் முடித்து 8,358 புள்ளிகள் எடுத்தார். சாதனை ஏட்டில் இடம் கிடைத்தது; ஒலிம்பிக்கில் இல்லை.

இந்தப் பத்தையும் ஏழையும் இரட்டித்து, இரண்டே நாளில் உயிரை வாங்கும் இரட்டைப் போட்டிகளிலும் வழக்கமான பங்கீடு ஆண்களுக்கு 20, பெண்களுக்கு 14. இரட்டித்தாலும் விகிதம் மட்டும் களைப்பதில்லை.