மனசாட்சியும் முத்திரையும்

கேள்வி: கல்யாணத்தைப் பதியும் அதிகாரி, "என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை" என்று கையை விரிக்கலாமா? (ஈப்போ, சிலிபின் வாசகர்)

பதில்: அமெரிக்காவில் ஒருவர் விரித்துப் பார்த்தார். கென்டக்கியின் ரோவன் வட்டார அதிகாரி கிம் டேவிஸ், 2015இல் ஒருபால் ஜோடிகளுக்கு உரிமம் தர மறுத்தார். நீதிமன்றம் உத்தரவிட்டும் அசையவில்லை. ஐந்து நாள் கம்பி எண்ணினார். அதேபோல் ஒருபால் ஜோடிகளைப் பதிய மறுத்த லண்டன் பதிவாளர் லிலியன் லடேல் வழக்கிலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013இல் கைவிரித்தது.

மலேசியாவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சட்டத்தில் ஒருபால் மணம் கிடையாது. இங்கே சோதனை தாய்மாமன் வடிவில் வரும்! 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நெருங்கிய உறவில் மணத்தைத் தடுக்கிறது. ஆனால் 11ஆவது பிரிவு, இந்து வழக்கப்படி அக்காள் மகளைக் கட்டிக்கொள்ள வழிவிடுகிறது. இதைக் கேட்டு ஈப்போ பதிவிலாகா முகப்பில் யாருக்காவது புருவம் ஏறலாம். ஏறட்டும். அறிவிப்பு 21 நாள் பலகையில் தொங்கி, ஆட்சேபம் வரவில்லை என்றால் முத்திரை விழுந்தாக வேண்டும்.

சிலிபின் லூர்து மாதா கோயில் பாதிரியார் கதை வேறு. மணவிலக்குப் பெற்றவரின் முதல் மணத்தைத் திருச்சபை செல்லாது என்று சொல்லாதவரை, பாதிரியார் மறுமணம் செய்துவைக்க மறுப்பார். அது அவர் மதக் கடமை. ஜோடி பதிவிலாகாவுக்கு நடையைக் கட்டலாம். அங்கேயும் மனசாட்சி உட்கார்ந்திருந்தால், பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணத்தை யார் திருப்பித் தருவது?