பின்சீட் வேணுமா என்று கேட்கிறார்கள், மாமா!

செம்மேடு மாமாவுக்கும் அத்தைக்கும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து உங்கள் மருமகன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தை கொடுத்தனுப்பிய சாமை இன்னும் இருக்கிறது. மிளகு தீரப் போகிறது. குளிர் விட்டபாடில்லை.

போனில் ஒரு கேள்வி கேட்டீர்களே, "போர்ஷே செய்கிற ஊரில்தானே இருக்கிறே, அந்த வண்டி என்னப்பா விலை?" என்று. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உங்கள் மருமகனும் நினைத்தான். 2024-ல் புதுப்பித்து விட்டபோது 911 கரேரா, இந்த நாட்டில் 1,28,700 யூரோவில் ஆரம்பித்தது. நம் காசுக்கு ஒரு கோடியைத் தாண்டும். ஆனால் அது விலை இல்லை மாமா, வாசல்படி. உள்ளே போனால்தான் செலவு.

நீங்கள் முதல் லாரி எடுத்த கதையை நினைத்துப் பாருங்கள். ஓசூரிலிருந்து வெறும் சேஸிஸ் வந்தது. அதை நாமக்கல் பட்டறையில் விட்டுவிட்டு, ஆசாரியோடு டீக்கு மேல் டீயாகக் குடித்துக்கொண்டு பேசினீர்கள். சைடு பலகை எவ்வளவு உயரம், டூல் பாக்ஸ் எந்தப் பக்கம், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்க எத்தனை அடிப் பலகை, தண்ணீர் கேன் எங்கே தொங்க வேண்டும், நெற்றியில் குலசாமி பெயர் என்ன கலரில். ஒவ்வொன்றுக்கும் தனி ரேட். ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கிறார்கள்; டீ மட்டும் கிடையாது, கம்ப்யூட்டர் திரையில் சொடுக்கிச் சொடுக்கிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சொடுக்குக்கும் கீழே மொத்தத் தொகை ஏறிக்கொண்டே போகும்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? மேல் வீட்டுக்காரர் உபயம். ஒரு மெஷின் கம்பெனியில் காலமெல்லாம் உழைத்த இன்ஜினியர். இந்தப் பக்கத்து ஆட்களின் சிக்கனம் ஜெர்மனி முழுக்கப் பிரசித்தம். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் வரும். அதற்காக மனிதர் மழையில் நடந்து போவார். மாடிப்படி கூட்டும் முறை யாருக்கு என்று வாரா வாரம் கதவில் ஒரு அட்டை தொங்கும்; உங்கள் மருமகன் கூட்டிய பிறகு மூலையில் தூசி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஓய்வு பெறும் நேரத்தில் இப்படிப்பட்டவருக்கு 911 கரேரா எஸ் ஆசை வந்துவிட்டது. "கம்ப்யூட்டர் ஆள்தானே, வந்து உட்கார்" என்று சமையலறை மேஜைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

முதல் நாள் பேச்சு முழுக்கத் தோலைப் பற்றித்தான். சீட்டுக்குத் தோல் என்றால் சரி. டாஷ்போர்டில் ஏசிக் காற்று வருகிற இடத்தில் குறுக்கே மெல்லிய தகடுகள் இருக்குமே, விரல் நுழையாத அந்தத் தகடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தோல் உறை போட்டு, ஓரத்தில் நூல் தைத்துத் தருவார்களாம். நூல் என்ன கலர் என்பது அடுத்த கேள்வி. சீட் பெல்ட் சிவப்பிலா, மஞ்சளிலா என்பது அதற்கடுத்தது. சாவிக்கு வண்டியின் அதே பெயின்ட் அடித்து, அதை வைத்துக்கொள்ளத் தோல் பை. பழைய 911-களில் ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குக்கூடத் தோல் உறை விற்றிருக்கிறார்கள். டிரைவரின் கால் பக்கம், ஃபியூஸ் போனால் ஒழிய யாரும் திறக்காத மூடி அது! மேல் வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். காற்றுத் தகட்டுத் தோல் வேண்டாம் என்று முடிவு செய்தார். சிவப்பு பெல்ட்டுக்கு மட்டும் டிக் அடித்தார். எதற்கு என்று கேட்டால், "அது பாதுகாப்புச் சாதனம்" என்றார்.

பெயின்ட் விவகாரம் தனி. பட்டியலில் உள்ள கலர் போதாதென்றால், நாம் கொண்டுபோகும் மாதிரிக்குப் பொருத்தியும் அடித்துத் தருவார்கள். அதற்கு மட்டும் பத்தாயிரம் யூரோவுக்கு மேல். நம் பட்டறை பெயின்டர் அந்தக் காசுக்கு லாரி முழுக்க மயிலும் மானும் வரைந்து, கேபினுக்குள் முருகனையும் உட்கார வைத்திருப்பார்.

காசு இருப்பவன் கேட்டால் இவர்கள் செய்யாததே கிடையாது. டாக் நிறுவனத்து மன்சூர் ஓஜே 1983-ல், பந்தயத்தில் ஓடிய 935 காரைச் சாலையில் ஓட்டுகிற மாதிரி வேண்டும் என்று கேட்டார். ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன் ஆலையிலேயே சிறப்பு ஆர்டர் ஆட்கள் அதைக் கட்டிக் கொடுத்தார்கள். நாமக்கல்லில் கேஸ் டேங்கர் கட்டுபவரிடமும், திருச்செங்கோட்டில் ரிக் லாரி கட்டுபவரிடமும் இந்தக் கதையைச் சொன்னால் அசர மாட்டார்கள். "கஸ்டமர் கேட்டா கட்டறதுதானே தொழில்" என்பார்கள்.

மாமா, இனி வருவதுதான் உங்களுக்குப் புரியாது. உங்கள் மருமகனுக்கும் புரிய நாளானது. இங்கே இருப்பதை எடுத்துவிடுவதும் ஒரு ஐட்டம். வண்டியின் பின்னால் மாடல் பெயர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள், இலவசம். புது 911 கூப்பே இரண்டு சீட்டோடுதான் வருகிறது. பின்சீட் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் இலவசம். அத்தையை ஏற்றிக்கொண்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிற குடும்பம், ஆர்டர் பாரத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும் என்று அர்த்தம். முந்தைய தலைமுறை ஜிடி3 ஆர்எஸ் காரில் ஏசியே வேண்டாம் என்றுகூட எழுதலாம், எடை குறையுமாம். நம் நாட்டில் 2025 முதல் புது லாரி கேபினுக்கே ஏசி கட்டாயம் ஆகிவிட்டது. அங்கே லாரி டிரைவருக்கு ஏசி, இங்கே கோடீஸ்வரனுக்கு வியர்வை.

இந்தப் பைத்தியத்துக்கு மூலம் 1973-ன் கரேரா ஆர்எஸ் 2.7. பந்தயத்தில் சேர்க்க வேண்டுமென்றால் 500 வண்டி விற்றாக வேண்டும் என்று விதி. விற்குமா என்று பயந்துகொண்டே ஆரம்பித்தார்கள், 1,580 போனது. அதில் எம்471 என்று ஒரு ஐட்டம் உண்டு. அதை எடுத்தவருக்குப் பின்சீட் இல்லை, கடிகாரம் இல்லை, உள்ளிருந்து கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் இழுக்க ஒரு பட்டை. இவ்வளவும் இல்லாமல் இருப்பதற்குக் கூடுதல் பணம் கட்டினார்கள் மாமா! பெரும்பாலோர் புத்திசாலிகள், எம்472 எடுத்து, வீட்டுக் காரின் சௌகரியங்களோடு ஓட்டினார்கள். இன்று ஏலத்தில் யாருடைய வண்டிக்கு விலை அதிகம் என்கிறீர்கள்? பட்டையைப் பிடித்து இழுத்தவனுடையதற்குத்தான்.

அடுத்து வேலை செய்யும் சாமான்கள். இந்த இடத்தில் மேல் வீட்டுக்காரர் தயங்கினார். உங்கள் மருமகனுக்குத்தான் பேச இடம் கிடைத்தது. காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரைக்கும் நம் கொல்லிமலைச் சாலையைத் திரையில் காட்டியதும் மனிதர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். 70 கொண்டை ஊசி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை என்றால் நம்பவில்லை. அடிவாரத்திலிருந்து விரலை வைத்து எண்ணிக்கொண்டு வந்தார், நடுவில் விட்டுவிட்டார். சரி, அந்தச் சாலைக்கு எது தேவை என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

பின்சக்கரமும் திரும்பும் ஏற்பாடு: கட்டாயம். வேகம் குறைவாக இருக்கும்போது பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் திரும்பும். இறுகிய வளைவில் வண்டி சட்டென்று மடங்கும். மூக்கைத் தூக்கும் ஏற்பாடு: அதைவிடக் கட்டாயம். பட்டனை அமுக்கினால் முன்பக்கம் 40 மில்லிமீட்டர் எழும்பும். எந்த இடத்தில் தூக்கினோம் என்று ஜிபிஎஸ்ஸில் ஞாபகமும் வைத்துக்கொள்ளும். நம் ஊர் வேகத்தடைகளை முழுக்க ஞாபகம் வைத்தால் அதற்கு வேறு வேலை பார்க்க நேரம் இருக்காது. செராமிக் பிரேக் சுமார் ஒன்பதாயிரம் யூரோ; இரும்புத் தட்டில் பாதி எடை, மஞ்சள் காலிப்பர். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விட்டு இறங்குகிறவருக்கு அது தண்டம் என்பது உங்கள் மருமகன் கட்சி. ஸ்போர்ட் க்ரோனோ என்று ஒரு தொகுப்பு உண்டு. டாஷ்போர்டு உச்சியில் கடிகாரம் வரும், 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 0.2 விநாடி குறையும். கொல்லிமலையில் 100 எட்டுகிறவனுக்குக் கடிகாரம் தேவைப்படாது.

பேரன் அஜித் ரசிகன் ஆயிற்றே, அவனிடம் சொல்லுங்கள்: 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது இதே 911-இன் பந்தய வண்டியில்தான். அதில் தோல் தைத்த தகடும் இல்லை, பின்சீட்டும் இல்லை. ஊருக்கு ஒன்று வாங்கி வா என்று கேட்பான். ஆலையில் சேர்த்த ஒவ்வொரு ஐட்டத்தின் விலைக்கும் சேர்த்தே சுங்கவரி விழும் என்பதையும் சொல்லிவிடுங்கள். சிவப்பு பெல்ட்டுக்கும் வரி உண்டு.

கடைசியில் நம்பர் பிளேட். விருப்ப நம்பருக்கு 10 யூரோ 20 சென்ட். அது வீண் செலவு என்று மறுத்துவிட்டார். அதற்குப் பதில் பருவ பிளேட் கேட்டிருக்கிறார். ஓரத்தில் 04, 10 என்று அச்சிட்டிருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் வண்டி சாலைக்கு வரலாம், மீதி ஐந்து மாதம் தெருவில் நிறுத்தக்கூட முடியாது. அந்த ஐந்து மாதத்துக்கு வரியும் இன்சூரன்சும் மிச்சம் என்று சொல்லும்போது மனிதர் முகத்தில் வந்த பிரகாசம், வண்டியைத் தேர்ந்தெடுத்தபோதுகூட வரவில்லை.

ஆலை வாசலிலேயே டெலிவரி எடுக்கப் போகிறார். கூட வரச் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்குவோம் என்று தெரியாத்தனமாகச் சொல்லப்போக, நாலு சக்கரத்துக்கும் வேண்டுமா, முன்னால் இரண்டு போதுமா என்று கேட்கிறார். என்ன பதில் சொல்லட்டும், அடுத்த போனில் சொல்லுங்கள். மிளகை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்