ஊசிக்கு ஒரு முகூர்த்தம்

ஏலே பேராண்டி, இப்படி வந்து ஒக்காரு. அந்த செல்போனைக் கவுத்தி வையி. எடை கொறைய ஒரு ஊசி போடதுக்கு ஒரு வாரமா நாள் பாத்துக்கிட்டு இருக்கியாமே, ஒங்க அம்மை சொல்லுதா. கல்யாணத்துக்கே ஒரு பொழுதுல தேதி குறிச்சு முடிச்சிருதாங்களேடே!

என்னவெல்லாம் பாத்தே, சொல்லு. வியாழக்கிழமை ராத்திரி போட்டா சனிக்கிழமை பிரியாணியில இருந்து தப்பிச்சிரலாம்னு ஒருத்தன் சொன்னானாம். ஞாயித்துக்கிழமை அந்தியில போடு, திங்கக்கிழமை கேன்டீன் பக்கம் காலு போவாதுன்னு இன்னொருத்தன். வெறும் வயித்துல போட்டாத்தான் ஏறும்னு மூணாவது ஒருத்தன். ஒங்க அத்தை சும்மா இருப்பாளா? வெள்ளிக்கிழமை பத்தரையில இருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம், அப்பம் ஊசியைத் தொடாதேன்னுட்டா. நீ இம்புட்டையும் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டி, கலர் அடிச்சு வச்சிருக்கே. ஜாதகத்துக்கே பன்னெண்டு கட்டந்தான். ஒனக்கு எத்தனை கட்டம்லே?

நான் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவன். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க கொதிக்க அவிச்சு எடுத்து ஊசி போட்ட காலம் அது. வரிசையில நிக்க ஆளு "எப்பம் போடலாம்?"னு கேக்க மாட்டான். "வலிக்குமா?"ன்னு மட்டும் கேப்பான். அதுக்கும் பதில் சொல்லுததுக்குள்ள ஊசி ஏறியிருக்கும்.

நேரம் பாத்துப் போட வேண்டிய ஊசி ஒண்ணு உண்டு, ஒத்துக்கிடுதேன். சாப்பாட்டுக்கு முந்திப் போடுத இன்சுலினைப் போட்டுட்டு, எவன்கூடயோ பேசிக்கிட்டு சாப்பாட்ட மறந்தான்னா, நின்ன எடத்துல கண்ணு இருட்டும். அவனுக்குக் கடிகாரம் வேணும். ஒனக்கு என்னத்துக்கு? ஒன்னோட ஊசி வாரத்துக்கு ஒருக்க போடுதது. சுவத்துல மாட்டுன தினசரி காலண்டரு போதும். அந்தக் கெழமைத் தாளுல எல்லாம் பேனாவால 'ஊசி'ன்னு எழுதி வையி. தாளைக் கிழிச்சா ஊசியைப் போடு. இதுக்கு என்னத்துக்குடே ஒரு ஆப்பு, ஒரு அலாரம், கையில வேற ஒரு வாட்ச்சு?

சரி, அந்த டப்பாவுக்குள்ள ஒரு தாளை மடிச்சு மடிச்சு வச்சிருப்பானே, அதைப் பிரிச்சியா? பிரிச்சிருக்க மாட்டே. ஊரு உலகமெல்லாம் கேட்டே, டப்பாவைக் கேக்கல. நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு படிச்சேன். வாரத்துக்கு ஒரு நாளு, அந்த நாளுல எந்த நேரத்துல வேணும்னாலும், சாப்பிட்டுட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம்னு எழுதியிருக்கு. விக்கவனே சொல்லாத நல்ல நேரத்தை வாங்குனவன் தேடுதான்!

ராகு காலம் பாக்குத ஒங்க அத்தைக்கு ஒரு சங்கதி சொல்லுதேன் கேளு. அவ பஞ்சாங்கத்துல பல்லி விழுத பலனும் பாக்கவதான? இந்த ஊசி வம்சத்தையே ஒரு பல்லிதான் தொடங்கி வச்சுது. அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல கிலா மான்ஸ்டர்னு ஒரு தடிப் பல்லி கெடக்கு. வருஷத்துக்கு நாலஞ்சு தடவை வயிறு நிறையத் தின்னாலே அதுக்குப் போதும். அதோட விஷ எச்சில்ல ஒரு சரக்கு இருக்குன்னு ஜான் எங்னு ஒரு டாக்டரு கண்டுபிடிச்சாரு. அதை வச்சு எக்ஸெனடைடுன்னு ஒரு மருந்து 2005-ல கடைக்கு வந்துது. தினம் ரெண்டு வேளை குத்தணும். நீ இப்பம் வச்சிருக்கது பல்லிச் சரக்கு இல்ல, மூஞ்சியச் சுளிக்காத. நம்ம கொடலுலயே சுரக்க ஜி.எல்.பி-1 இருக்கே, அது மாதிரி வேலை செய்யச் செஞ்சது. நம்ம சொந்தச் சரக்கு ரத்தத்துல ரெண்டு நிமிஷத்துல பாதி கழிஞ்சிரும். அதை வாரக்கணக்குல நிக்க வைக்கணுமே? ரத்தத்துல ஓடுத அல்புமின்னு ஒரு புரதத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்க மாதிரி செமாகுளுடைடுன்னு இதே வம்சத்து மருந்து ஒண்ணை வடிவமைச்சான். படிச்சவன் அத்தனை பாடுபட்டது எதுக்கு? நீ நேரங்காலம் பாக்காம இருக்கணும்னுதான். நீ மறுபடியும் நேரம் பாக்கே.

இன்னும் வெளங்கலன்னா நம்ம ஊருக் கொளத்தை நெனச்சுக்கோ. வாரத்துக்கு ஒருக்க கால்வாயில தண்ணி விடுதான். அடுத்த தண்ணி வரதுக்குள்ள பாதி வத்திப் போவுது. மிச்சப் பாதி கெடக்கும்போதே மறுபடியும் தண்ணி வருது. இப்படியே நாலஞ்சு வாரம் போனா ஒரு மட்டத்துக்கு வந்து நின்னுரும். செமாகுளுடைடுக்கு இதான் கணக்கு: பாதி கழிய ஏழு நாளு. ஒன் கையில இருக்கே, வாயில நுழையாத பேரு, டிர்ஸெபடைடு, அதுக்கு அஞ்சு நாளு. செமாகுளுடைடை ஒரு நாள் பிந்திப் போட்டா மட்டம் எம்புட்டு எறங்கும்? பத்துல ஒரு பங்கு கூட வராது. இதுல காலை ஆறு மணியா, ராத்திரி ஒம்பது மணியான்னு பட்டிமன்றம் வச்சா, நடுவருக்குச் சிரிப்பு வராதா?

நாள் பாக்கதே தப்புன்னு நான் சொல்லல. ஒரே ஒரு காரியத்துக்குப் பாரு. மருந்து ஒடம்புல உச்சத்துக்கு வருதது போட்ட ரெண்டு மூணு நாளைக்குள்ள. தொடங்குன புதுசுலயும், டோஸை ஏத்துன வாரத்துலயும் சில பேருக்குக் கொமட்டும், வயிறு பொருமும். அந்த ரெண்டு நாளு நீ எங்க இருப்பேன்னு மட்டும் யோசிச்சுக்கோ. நெல்லை எக்ஸ்பிரஸ்ல அப்பர் பெர்த்துல இருப்பியா? மேனேஜரு முன்னால நிப்பியா? அப்படின்னா அந்தக் கெழமை வேண்டாம். வீட்டுல காலை நீட்டிக்கிட்டுக் கெடக்க கெழமையா எடுத்துக்கோ. மறக்காத கெழமையா இருந்தா இன்னும் நல்லது. எட்டையபுரம் ஆட்டுச்சந்தை சனிக்கிழமை, மேலப்பாளையம் சந்தை செவ்வாக்கிழமை. ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறவன் எவனுக்காவது போன்ல மணி அடிச்சு ஞாபகப்படுத்தணுமா? ஆம்பளைக்கு எண்ணெய்க் குளியலும் சனிக்கிழமைதான், அன்னைக்கே வச்சுக்கிடேன். ஒண்ணு, எண்ணெய் வழியுத தொப்பையில குத்தாத. குளிச்சுத் தொடச்சுட்டுக் குத்து. வயிறோ தொடையோ, வாரத்துக்கு வாரம் எடத்தை மாத்திக் குத்து.

ஒங்க பெரியப்பா மவன் ஒருத்தன் மெட்ராஸ்ல இருக்கானே, அவன் பண்ணுத கூத்து தெரியுமா? கல்யாணப் பந்தி வந்தா ஊசியைத் தள்ளி வச்சிருதான். பாயாசத்துக்கு ரெண்டு நாளு, ஆடிக் கறிக்கு மூணு நாளு. ஆவணி மாசம் முகூர்த்தம் முகூர்த்தமா வந்துதா, ஊசி போட்ட நாளை விட தள்ளுன நாளுதான் அதிகம். பொறவு எடை கொறையலன்னு டாக்டருகிட்டப் போயி மருந்தைக் கொறை சொல்லுதான். பந்திக்கு முந்துன்னு சொன்னவன் ஊசிக்குப் பிந்துன்னு எங்கடே சொன்னான்?

நெசமாவே மறந்து போச்சுன்னா? அதுக்கும் தாளுல வழி இருக்கு. டிர்ஸெபடைடுன்னா நாலு நாளைக்குள்ள ஞாபகம் வந்தா போட்டுக்கோ. தாண்டிருச்சுன்னா அந்த வாரத்தை விட்டுரு, அடுத்த கெழமை பாத்துக்கிடலாம். சுகருக்குப் போடுத செமாகுளுடைடு ஊசி ஓசெம்பிக்குக்கு அஞ்சு நாளு. விட்டுப் போச்சேன்னு ரெண்டு வார ஊசியைச் சேத்துக் குத்துனா, கெணத்தடியில வாந்தி எடுத்துக்கிட்டு நிக்கணும். கெழமையே பிடிக்கல, மாத்தணுமா? தாராளமா மாத்து. டிர்ஸெபடைடுன்னா ரெண்டு ஊசிக்கு நடுவுல மூணு நாளு முழுசா இருக்கணும், ஓசெம்பிக்குக்கு அதோட தாளுல எழுதியிருக்கதுதான் கணக்கு. பாத்தியா, ஒரு தாளுல முடிஞ்சு போச்சு! ஒன் கலர் கட்டத்தை எல்லாம் அழிச்சுட்டு அந்த எடத்துல பாட்டு ஏத்திக்கோ.

நீ கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருந்துது. அதைக் கேக்கல. ஏற்கெனவே என்ன மருந்து முழுங்குதோம், அதோட இது ஒத்துப் போவுமாங்கதுதான் அது. ஒங்க அத்தையவே எடுத்துக்கோ. அவளும் வார ஊசிதான். கூடவே கிளிமிபிரைடு மாத்திரை. இந்த ஊசி தனியா நின்னா சுகரைப் பாதாளத்துக்குத் தள்ளுதது அபூர்வம். ஒடம்புல சுகரு ஏறும்போதுதான் அது கணையத்தைக் கிள்ளும். கிளிமிபிரைடு அப்படி இல்ல, சுகரு இருக்கோ இல்லையோ கணையத்தை விரட்டிக்கிட்டே இருக்கும். இன்சுலினும் அப்படித்தான், கேக்காம எறக்கிரும். இந்த நெலமையில ஐப்பசியில கந்த சஷ்டி வந்துது. திருச்செந்தூர் போயி ஆறு நாளும் வெரதம்னு ஒக்காந்துட்டா. டாக்டருகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஊசி போட ராகு காலம் மட்டும் பாத்தா. மூணாம் நாளு கை நடுங்குது, வேத்து ஊத்துது, வாயி கொழறுது. சாமி வந்துருச்சுன்னு பக்கத்துல இருந்தவ குங்குமத்தை எடுத்துக்கிட்டு வாரா! நான் சீனியைக் கரைச்சுக் கொண்டு போயி வாயில ஊத்துன பொறவு சாமி மலையேறுச்சு. வெரதம் இருக்கணும்னா இரு, யாரு வேண்டாங்கா? முன்கூட்டியே டாக்டருகிட்டச் சொன்னா மாத்திரையக் கொறைச்சுக் குடுப்பாரு, இல்ல வெரதத்தைக் கொறைப்பாரு. முருகன் ரெண்டுக்கும் கோவிச்சுக்கிட மாட்டாரு.

இதே மாதிரி இன்னும் ரெண்டு மூணு உண்டு. குடும்பத்துல தைராய்டு புத்துநோய் வந்தவங்க இருக்காங்களா, ஒனக்குக் கணையம் எப்பமாவது வீங்கியிருக்கான்னு டாக்டரு கேப்பாரு. "தெரியல சார்"னு சொல்லிட்டு வராத. வீட்டுல கேட்டுட்டுப் போ. ஆபரேஷன்னு எங்கயாவது படுத்தா, மயக்க ஊசி போடுதவருகிட்ட இந்த ஊசி சங்கதியைச் சொல்லிரு. இது வயித்துச் சோத்தை மெள்ளத்தான் கீழ எறக்கும். முந்தின ராத்திரியில இருந்து பட்டினின்னு நீ சொல்லுவே, வயித்துல இட்லி கெடக்கும்.

இதெல்லாம் போவட்டும், தையில கல்யாணம், அதுக்குள்ள பட்டு வேட்டி இடுப்புல நிக்கணும்னு ஐப்பசியில ஊசி எடுத்தியாமே? அப்பம் கேளு. மொத நாலு வாரம் போடுத 2.5 மில்லிகிராம், ஒடம்பைப் பழக்கதுக்கு. பொறவு 5, அதுக்கு மேலயும் மாசத்துக்கு ஒரு படிதான். பைய பைய ஏறணும். தாலி கட்டுத அன்னைக்கி நீ பாதிப் படியில நிப்பே. பரிசோதனை பண்ணவங்க 72 வாரம் போட்டுப் பாத்தாங்க. பெரிய டோஸு போட்டவங்களுக்குச் சராசரியா நூறு கிலோவுல இருபது கிலோ போல எறங்குச்சு. செமாகுளுடைடை 68 வாரம் போட்டுப் பாத்தாங்க, பதினஞ்சு கிலோ. அதுவும் சோத்தைக் கொறைச்சு, ஒடம்பை அசைச்சவங்களுக்கு. நிறுத்துனவங்களுக்கு என்னாச்சு? செமாகுளுடைடை நிறுத்தி ஒரு வருஷத்துல, கொறஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்து ஒக்காந்துக்கிட்டு. ஒன்றரை வருஷத்துச் சோலிடே இது. அதுல வியாழனா வெள்ளியான்னு ஒரு வாரத்தைத் தின்னுட்டியே!

இந்த டிர்ஸெபடைடு மவுஞ்சாரோங்க பேருல நம்ம நாட்டுக்கு வந்ததே 2025 மார்ச்சுல. ஜூன்ல எடைக்குப் போடுத செமாகுளுடைடு, வெகோவிங்க பேருல அதுவும் வந்து சேந்துது. அதுக்குள்ள ஒங்க ஆளுக இதுக்கு ஒரு சாஸ்திரம், சம்பிரதாயம், பரிகாரம் எல்லாம் எழுதி முடிச்சுட்டீங்க. நம்ம ஊருக்காரன் ராகு காலம் பாத்தா மூடநம்பிக்கை. நீ அதையே இங்கிலீஷ்ல பாத்தா ஆராய்ச்சி. நல்லாருக்கே கதை!

நாளுக்குப் பட்ட கவலையில கால்வாசியை ஃபிரிட்ஜுக்குப் படு. ரெண்டுல இருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும். குளுகுளுன்னு இருக்கட்டுமேன்னு ஐஸ்பெட்டிக்குள்ள தள்ளிராத. ஒருக்க உறைஞ்சு போச்சுன்னா அது குப்பைக்குத்தான். ஊருக்கு வரும்போது சும்மா பையில வச்சுக் கொண்டு வரலாம், கொஞ்ச நாளைக்கி 30 டிகிரி வரைக்கும் தாங்கும். எத்தனை நாளுங்கது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதையும் அந்தத் தாளுலயே பாத்துக்கோ. ஆனா சித்திரை வெயில்ல காருக்குள்ள வச்சுப் பூட்டிட்டு அல்வா வாங்கப் போனேன்னு வையி, அல்வாவும் இளகும், ஆயிரக்கணக்குல குடுத்து வாங்குன மருந்தும் வீணாப் போவும்.

குத்தி முடிச்ச ஊசியைக் கொல்லையில வீசாத. காய்கறிக் குப்பையிலயும் போடாத, அள்ளுதவ கையில ஏறிரும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி வையி, நிறைஞ்சதும் ஆஸ்பத்திரியில கேட்டுக் குடுத்துரு. ஆச்சிகிட்டக் காலி ஊறுகா டப்பா ஒண்ணு கெடக்கும், வாங்கிக்கோ. மேல 'ஊசி'ன்னு பெருசா எழுதி ஒட்டிரு. இல்லன்னா அடுத்த வாரமே அதுல நார்த்தங்கா ஊறப் போட்டுருவா.