மழலையர் முகத்தில் பாரதியார் மீசை: ஒரு தட்பவெப்ப ஆய்வு

ஜெர்மனியின் கொலோன் நகரில் வேடம் கட்டும் பருவம் நவம்பர் 11 அன்று காலை 11 மணி 11 நிமிடத்துக்குத் தொடங்கி, சாம்பல் புதனுக்கு முன் அடங்கிவிடுகிறது. சென்னையில் இது ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். சுதந்திர தினம், அதை ஒட்டிக் கிருஷ்ண ஜெயந்தி, நவராத்திரி, நவம்பர் 14-இல் நேருவின் ரோஜா, டிசம்பர் 11-இல் பாரதியார் பிறந்தநாள், பிறகு குடியரசு தினம். இடையில் குழந்தை சொந்த முகத்தோடு பள்ளிக்குப் போகும் நாட்களும் உண்டு.

வேடத்தின் விதியைத் தீர்மானிப்பது வானிலையே. கொலோனில் பிப்ரவரிக் குளிருக்கு உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டும். எனவே உடையை ஒரு அளவு பெரிதாக வாங்குவார்கள். அங்கே எல்லாப் புலிகளும் பருத்த புலிகள். இங்கே சிக்கல் வியர்வை. அப்பா ரிசப்ஷனுக்குத் தைத்த கறுப்புக் கோட்டு, தாத்தாவின் வேட்டியில் பாதி முண்டாசு, கண்மையால் ஒரு முறுக்கு மீசை: எல்.கே.ஜி. பாரதியார் தயார். அடையாறு எல்.பி. சாலை சிக்னலில் ஆட்டோ நின்றதும் அவர் மூக்கைத் துடைப்பார். மேடையேறும்போது மகாகவிக்கு இடப்பக்க மீசை மட்டுமே எஞ்சியிருக்கும். டீச்சர் முதல் அடியை எடுத்துக் கொடுப்பார். அம்மா கீழே நின்று வாயசைப்பார். கவிஞரோ பாத்ரூம் போக வேண்டும் என்று முழங்குவார்.

கொலோனின் வேட ஊர்வலத்தில் வண்டிகளிலிருந்து மிட்டாயும் சாக்லெட்டும் வீசுவார்கள். வேடமிட்ட பிள்ளைகள் பொறுக்கிக்கொள்வார்கள். மயிலாப்பூரிலும் கிருஷ்ணனாகவும் ஆண்டாளாகவும் வேடமிட்ட குழந்தைகள் குங்குமச் சிமிழோடு வீடுவீடாகக் கொலுவுக்கு அழைக்கப் போகும் வழக்கம் உண்டு. கூலி: சுண்டல். மாட வீதிகளில் அப்படியொரு ஊர்வலம் வளராததற்குக் காரணம், சுண்டலை வீச முடியாததுதான் என்பது என் துணிபு.

தக்காளி, கேரட் வேடங்கள் வியர்வையைத் தாங்கும் என்று தி.நகர்ப் பெற்றோரில் ஒரு சாரார் வாதிடுவர். உண்மைதான். ஆனால் தக்காளியால் உட்கார முடியாது.

ஆகவே தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மாறுவேடப் போட்டியைப் பெயரின் அகரவரிசைப்படி நடத்தாதீர்கள். மீசை வைத்தவர்களை முதலில் மேடையேற்றுங்கள். தக்காளிகள் நின்றபடியே காத்திருக்கட்டும்.