செவந்த மூஞ்சிக்கு அஞ்சு மார்க்கு

ஏங்கண்ணு, மூஞ்சி என்ன இப்படிச் செவந்து கெடக்குது? பித்தம் கித்தம் ஏறிப்போச்சா? ஆரோ என்னமோ சொல்லிப்போட்டாங்களா? ஆரு, அந்த நடிகனா? நீ அவனை நேர்ல பாத்திருக்கறயா? அவன் உன்னையப் பாத்திருக்கறானா? அப்பறம் அவன் பேசுன பேச்சுக்கு உன்ற சோறு ஏஞ்சாமி ஆறிப்போகோணும்?

வட்டலை இழுத்து வெச்சுத் தின்னுக்கிட்டே கேளு. மோட்டாருக்குக் கரண்டு வர்ற வரைக்கும் அப்புச்சிக்கும் வேற சோலி இல்ல.

எங்களுக்கும் கோவம் வரும். வராம இருக்குமா? ஒருக்கா என்ற சோளக்காட்டுல ஆடு பூந்து ஒரு மூலையவே மேஞ்சுபோட்டுது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஆடுதான்னு எனக்கு அப்பவே தீர்ப்பாயிப்போச்சு. ஆனா திட்டோணும்னா அவன் சாளைக்குப் போகோணுமே! சட்டையைத் தேடிப் போட்டு, செருப்பை மாட்டி, இட்டேரியில அரை மைல் நடந்தேன். வழியில ஒருத்தர், "எங்க மாமா இத்தனை வெரசா?"ன்னு கேட்டார். "திட்டறதுக்குப் போறேன்"னு எப்படிச் சொல்றது? "சும்மா இப்படி"ன்னேன். பாதிக் கோவம் அங்கயே எறங்கிப்போச்சு. மீதியோட போய் நின்னா, அவன் சம்சாரம் சொம்பு நெறைய மோரு கொண்டாந்து குடுக்குது. அதைக் குடிச்சுப்போட்டு எந்த வாயில திட்டறது? "ஆடு வந்துச்சப்பா, சித்தெ பாத்துக்க"ன்னேன். அவன் ஆட்டைப் புடிச்சுக் காதைக் காட்டுனான். வெட்டுக்குறி எங்கூட்டுது! என்ற ஆடு, என்ற சோளம். நான் வடக்கால பாத்துக்கிட்டே ஊடு வந்து சேந்தேன்.

இப்ப உனக்கு அந்த அரை மைலு இல்ல கண்ணு. மோரும் இல்ல. கட்டல்ல படுத்தபடிக்கே சீமை வரைக்கும் போய்த் திட்டிப்போட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கற.

நெசமாலுமே சீமைக்குத்தான் போனாங்க. 2014ல லண்டன்ல விம்பிள்டன் பந்தாட்டம். நம்ம சச்சின் டெண்டுல்கர் கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு ராயல் பாக்ஸ்ல உக்காந்திருந்தார். ஆட வந்த மரியா ஷரபோவாகிட்ட, அங்க இருந்த டெண்டுல்கரைத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னு அந்தப் புள்ள சொல்லிப்போட்டுது. அது சைபீரியாவுல பொறந்து, ஆறேழு வயசுல அமெரிக்கா போய் டென்னிஸ் கத்துக்கிட்ட புள்ள. ரெண்டு பக்கமும் கிரிக்கெட்டுக்கு நாதி கெடையாது. சச்சினை எங்க போய்ப் பாத்திருக்கும்? காங்கயம் காளைக்குச் சுழி பாக்க அதுக்குத் தெரியுமான்னு கேட்டிருந்தாலும் தெரியாதுன்னுதான் சொல்லியிருக்கும். நாம போய்ச் சண்டை போடுவோமா?

ஆனா சண்டைக்குப் போனாங்க. அந்தப் புள்ளயோட பேஸ்புக்குல ஆயிரக்கணக்குல திட்டு. முன்வரிசையில நின்னது நம்ம பாலக்காட்டுக் கணவாய்க்கு அக்கட்டால இருக்கற மலையாளச் சனம். மலையாளத்துலயே திட்டித் தீத்தாங்க. ரஷ்யாக்காரிக்கு மலையாளம் எப்படிப் புரியும்னு ஒருத்தனாவது நெனச்சானா?

கதை இன்னும் முடியல. 2021 பிப்ரவரி. டெல்லி எல்லையில வெவசாயிங்க உக்காந்து போராடிக்கிட்டிருந்தாங்க. ரிஹானாங்கற பாட்டுக்காரம்மா அதைப் பத்தி ஒரு வரி எழுதுனாங்க. இது எங்க நாட்டு விசியம், வெளியாளுங்க இதுல பங்காளியாகக் கூடாதுங்கற மாதிரி சச்சின் எழுதுனார். அவ்வளவுதான், மலையாளச் சனத்துல பல பேருக்குச் சச்சின் மேலயே கோவம் திரும்பிப்போச்சு. எங்க போனாங்கங்கற? மறுபடியும் அதே ஷரபோவா ஊட்டு வாசலுக்கு! தாயீ மன்னிச்சுக்க, அந்த ஆளை உனக்குத் தெரியாம இருந்ததுதான் நல்லதுன்னு. எங்கூருப் பக்கம் வந்துட்டுப் போன்னு விருந்துக்குக் கூப்புட்டவங்களும் உண்டு. அந்தப் புள்ள மட்டையைக் கீழ வெச்சே ஒரு வருசம் ஆகியிருந்துச்சு. திட்டும் புரிஞ்சிருக்காது, மன்னிப்பும் புரிஞ்சிருக்காது.

நான் சிரிக்கறனே தவிர, ஒண்ணு சொல்லோணும். பாதி கேலிக்குன்னாலும், ஏழு வருசம் கழிச்சுத் திரும்பிப் போனாங்க பாரு. நீ ஆருகிட்டயாச்சும் போயிருக்கறயா?

என்ற ஆட்டுக்கதை மாதிரியே இன்னொண்ணும் நடந்துச்சு. 2017 ஏப்ரல்ல ஸ்னாப்சாட்டுங்கற செயலி மேல எல்லாருக்கும் ரோசம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இந்தியா மாதிரி ஏழை நாட்டுக்கெல்லாம் கடை விரிக்க எனக்கு இஷ்டமில்லைன்னு அதோட மொதலாளி சொன்னதா, அங்க வேலை பாத்த ஒருத்தர் கோர்ட்டுல சொல்லியிருந்தார். கம்பெனிக்காரங்க இல்லவே இல்லைன்னாங்க. அதுல ஸ்பெயினையும் சேத்துத்தான் சொன்னதாப் பேச்சு. நமக்கு எங்க அதெல்லாம் காதுல உழுகுது? ஒத்தை நட்சத்திரமாக் குத்தித் தள்ளுனாங்க. குத்துன வேகத்துல பல பேரு ஸ்னாப்டீலுக்குக் குத்திப்போட்டாங்க! அது டெல்லிப் பக்கத்துக் கடையப்பா. சட்டி பானை, செருப்பு, துணிமணி விக்கறவன். பேருல முன்பாதி ஒண்ணுங்கறதைத் தவிர அவன் பண்ணுன குத்தம் என்ன?

அவனுக்குக் கெரகம் ஒண்ணரை வருசம் முன்னாலயே புடிச்சிருந்துச்சு. 2015 நவம்பர்ல அமீர்கான் ஒரு மேடையில, நாட்டு நெலமையைப் பாத்து என்ற சம்சாரம் வெளிநாடு போயிரலாமான்னு கேட்டாங்கன்னு சொல்லப் போக, அவர் வெளம்பரத்துல நடிச்ச கடைன்னு இதே ஸ்னாப்டீலைப் போனுல இருந்து புடுங்கிப் போட்டாங்க. பேசுனது ஒருத்தர், பேசச் சொன்னது ஆருமில்ல, அடி வாங்குனது கடைக்காரன். எங்கூர்ல இதை மாமியா மேல இருக்கற கோவத்தை அம்மிக்கல்லு மேல காட்டறதும்போம். அம்மிக்காவது வலிக்காது.

எல்லாமே சிரிச்சுக்கிட்டே சொல்ற கதை இல்ல கண்ணு. திருச்செங்கோடு நமக்கு எட்டாத தூரமா? அந்த ஊரை வெச்சுப் பெருமாள்முருகன் எழுதுன 'மாதொருபாகன்' நாவல் 2010ல வந்துச்சு. நாலு வருசம் கடையில கெடந்துச்சு, ஒரு ஈ காக்கா ஏன்னு கேக்கல. 2014 கடைசியில அதுல சில பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கையில கையில குடுத்தாங்க. புஸ்தகத்தைக் கொளுத்துனாங்க, கடையை அடைச்சாங்க. 2015 ஜனவரியில அந்த மனுசன், எழுதறவனா இருந்த தான் செத்துப்போயிட்டதாப் பேஸ்புக்குல எழுதி வெச்சுட்டு ஒதுங்கிப்போனார். மறுவருசம் ஜூலையில ஐகோர்ட்டு, புடிக்காதவன் புஸ்தகத்தை மூடி வெச்சுட்டுப் போகலாமேங்கற மாதிரி தீர்ப்புச் சொல்லி, அவரை மறுபடி எழுதச் சொல்லுச்சு. நம்ம பக்கம் அன்னிக்குக் குதிச்ச ஒருத்தனை, "படிச்சயாப்பா?"ன்னு கேட்டேன். "எதுக்குங்க, அதுதான் ஜெராக்ஸ் இருக்குதுங்களே"ன்னான். நையாண்டி பண்ண எனக்கே அங்க வாய் வரல.

கோவமே வேண்டாங்கறனா? வாய்க்கால்ல தண்ணி உடலைன்னு ரோட்டுல உக்காந்தவன்தான் நானும். தண்ணி வந்துச்சு, எந்திரிச்சு வந்தோம். உன்ற கோவத்துக்கு என்ன வரோணும்? அது வந்தா எந்திரிச்சுக்குவயா? இல்ல, அதுக்குள்ள அடுத்த சேதி வந்திருமா?

சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாக்கற உங்க பெரியம்மா புள்ள ஒரு சங்கதி சொல்லுச்சு. 2017ல பேஸ்புக்குக்காரன் உள்ளுக்குள்ள ஒரு கணக்கு வெச்சிருந்தானாம். கட்டைவெரலுக்கு ஒரு மார்க்கு. சிரிக்கற மூஞ்சி, அழுவற மூஞ்சி, கோவத்துல செவந்த மூஞ்சி இதுக்கெல்லாம் அஞ்சஞ்சு மார்க்கு. மார்க்கு எச்சா இருக்கறதை நாலு பேரு கண்ணுல எச்சாக் காட்டறது. 2021ல அவங்க காகிதமெல்லாம் வெளிய வந்தப்பத்தான் இது ஊருக்குத் தெரிஞ்சுது. செவந்த மூஞ்சியால வம்பு எச்சாவுதுன்னு 2020லயே அதுக்கு மட்டும் மார்க்கைச் சைபராக்கிப்போட்டாங்களாம்.

கண்ணபுரம் சந்தையில மாட்டுத் தரகரைப் பாத்திருக்கறயா? துண்டுக்குள்ள கையை உட்டு வெரலைப் புடிச்சு வெல பேசுவார். வாங்கறவன் சிரிச்சாலும் மொறச்சாலும் அவருக்குத் தரகு ஒண்ணுதான். ஆனா அடிச்சுக்கிட்டா அஞ்சு மடங்குன்னு ஆராவது சொல்லியிருந்தா, அந்த நல்ல மனுசனே துண்டுக்குள்ள கிள்ளி உட்டிருக்க மாட்டாரா? உன்ற வெரலும் இப்ப ஆரோ ஒருத்தர் துண்டுக்குள்ளதான் இருக்குது சாமி.

சிரிக்காத. அப்புச்சி மட்டும் யோக்கியம்னு சொல்ல வரல. போன ஐப்பசியில நம்ம ஒறம்பரை குரூப்புல, வெள்ளகோயில் பக்கத்துப் பெரியம்மா தவறிப்போன சேதி வந்துச்சு. கும்புடற கையைப் போடலாம்னு அமுக்குனேன். கண்ணாடி போடல. கையிக்குப் பதிலாச் செவந்த மூஞ்சி போய் உக்காந்துக்கிச்சு. எனக்குத் தெரியாது. ஒரு மாசம் ஆரும் பேசல. சாவுச் சேதிக்கு மூஞ்சியைக் காட்டறாரே, பழைய காட்டுத் தகராறை இன்னும் மறக்கலையான்னு அவங்க ஊட்டுல ஒரே வெசனம். கடைசியில பெரியம்மா மூத்த பையன் பஸ்சு ஏறி நேராவே வந்துட்டான். திண்ணையில உக்காந்து, மோரு குடிச்சு, போனை நீட்டிக் காட்டுனான். எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அவனுக்கும் வந்திருச்சு.

ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் அமுக்கி அமுக்கிப் பாத்தோம். அந்த மூஞ்சி அங்கயேதான் இருக்குது. கையைக் கழுவிப்போட்டு வந்து, அதைச் சித்தெ எடுத்துக் குடு கண்ணு.