தேதி உண்டு, முகூர்த்தம் இல்லை

ஓஹையோ மாகாணத்தின் தலைநகரான கொலம்பஸில் ஆகஸ்ட் மாதம் கழிந்துவிட்டால், யாரிடம் எந்த விஷயத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தாலும், அது வளைந்து நெளிந்து கடைசியில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புட்பால் அணியில் வந்து நிற்பது அவ்வூர்ச் சம்பிரதாயம். என் கடைவாய்ப் பல்லைப் பரிசோதித்த வைத்தியர், வாயை அகலத் திறக்கச் சொல்லி, இரண்டு கருவிகளையும் ஒரு பஞ்சுச் சுருளையும் உள்ளே வைத்த பிற்பாடு, இந்த வருஷம் பந்தெறியப் போகிற பிள்ளையைப் பற்றி என் அபிப்பிராயம் என்னவென்று வினவினார். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லாதது இருவருக்குமே க்ஷேமமாக முடிந்தது.

கல்லூரிப் பிள்ளைகளின் ஆட்டந்தானே என்று அலட்சியமாக எண்ணிவிடலாகாது. ஒலெண்டாஞ்சி நதிக்கரையில் குதிரை லாடத்தின் வடிவில் கட்டி 1922-ஆம் வருஷம் திறந்துவைத்த அந்த ஸ்டேடியத்தில் 1,02,780 பேருக்கு இடம் உண்டு. அத்தனை இடத்தையும் நிரப்பிவிட்டு, அதற்கு மேலும் பல்லாயிரம் பேர் டிக்கெட் இல்லாமலே வெளியே வாகனங்களை நிறுத்தி, நாற்காலி போட்டு அமர்ந்து, சுவருக்கு அப்பால் கேட்கும் ஆரவாரத்தை அனுபவித்துவிட்டு வீடு திரும்புவார்கள். இப்பேர்ப்பட்ட வைபவத்துக்கு நாமும் குடும்பத்தோடு ஒரு தடவை போய் வந்தாலென்ன என்று என் பேரன் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது பிரஸ்தாபித்தான். என் மகன் "பார்க்கலாம்" என்றான். எங்கள் குடும்பத்தில் "பார்க்கலாம்" என்பது மறுப்பும் அன்று, சம்மதமும் அன்று. அது ஒரு விசாரணைக் கமிஷன்.

கமிஷன் முதலில் எடுத்துக்கொண்ட பிரச்னை, எந்த ஆட்டத்துக்குப் போவது என்பது. நவம்பர் மாதக் கடைசி சனிக்கிழமையில் பரம வைரியான மிச்சிகன் அணியோடு வரும் ஆட்டந்தான் ஆட்டம், மற்றதெல்லாம் அதற்கு ஒத்திகை என்று பேரன் வாதாடினான். அந்த வாரத்தில் பல்கலைக்கழக வளாகத்துப் பலகைகளில் எங்கெங்கே 'எம்' என்ற எழுத்து தென்படுகிறதோ அங்கெல்லாம் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி போட்டு மூடிவிடுவார்களாம். காலஞ்சென்ற என் தகப்பனாரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த ஒரே ஸ்திர சொத்து என் பெயருக்கு முன்னால் நிற்கும் 'எம்' என்ற இனிஷியல்; அதையும் அடித்துவிடுகிற ஜனங்களின் நடுவே சென்று உட்கார எனக்கு மனம் ஒப்பவில்லை. என் மனைவி ஆட்சேபித்ததோ குளிரை முன்னிட்டு. 1950-ஆம் வருஷம் இதே ஸ்டேடியத்தில் இதே இரண்டு அணிகளும் கடும் பனிப்புயலின் நடுவே ஆடியதையும், கோடுகளே தெரியாத மைதானத்தில் மிச்சிகன் அணி பந்தை எதிரணியிடமே திரும்பத் திரும்ப உதைத்துத் தள்ளி, முறையாகப் பத்து கெஜம் முன்னேறி அடுத்த வாய்ப்பு பெறுவது என்பதை ஒரு தடவைகூடச் சாதிக்காமலே 9-3 என்று ஜெயித்துவிட்டதையும், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதையும் உட்கார்ந்து பார்த்ததையும் பேரன் வீர காவியமாகச் சொல்லி முடித்தபோது, அவள், "அந்த ஐம்பதினாயிரம் பேர் வீட்டிலும் கண்டிக்கப் பெரியவர்கள் யாருமே இல்லையாடா?" என்று கேட்டாள். மிச்சிகன் ஆட்டம் அத்துடன் தள்ளுபடியாயிற்று. டிக்கெட் விலையைப் பார்த்த என் மகன் அவளுக்கு மனத்துக்குள் நன்றி சொல்லியிருப்பான்.

ஆகவே செப்டம்பரில் வரும் ஒரு சிறு ஆட்டம் என்று தீர்மானமாயிற்று. சிறு ஆட்டம் என்றால், பெரிய பல்கலைக்கழகம் ஏதேனும் ஒரு சிறிய கல்லூரிக்குப் பத்து லட்சம் டாலரோ அதற்கு மேலுமோ சன்மானம் கொடுத்துத் தன் ஊருக்கு வரவழைத்து, லட்சம் பேர் முன்னிலையில் அதைத் தோற்கடித்து அனுப்புவது. அந்தக் கல்லூரியும் பணத்தை வாங்கிக்கொண்டு போய்த் தன் இதர விளையாட்டுகளுக்குச் செலவிட்டுக்கொள்ளும். இந்த ஏற்பாட்டை என் மருமகள் விளக்கியதும் என் மனைவி அடைந்த மனக்கிலேசம் கொஞ்சமன்று. "தோற்கிறதுக்குக் கூலியா? அந்தப் பிள்ளைகளைப் பெற்றவள் எப்படித் தாங்குவாள்?" என்று கேட்டவள், அந்த நிமிஷமே, வரப்போகிற அணி எதுவென்று பெயர்கூடத் தெரியாத நிலையில், அதன் கட்சியில் சேர்ந்துவிட்டாள். அவளுடைய நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 2007-ஆம் வருஷம் அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற மலைநாட்டுக் கல்லூரி, இப்படித்தான் கூலி வாங்கிக்கொண்டு தோற்க வந்த இடத்தில், அதே மிச்சிகனை அதன் சொந்த மைதானத்திலேயே 34-32 என்று வீழ்த்திவிட்டுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் கொலம்பஸ்வாசிகள் அதை நினைவுகூரும்போது அவர்கள் முகத்தில் ஏற்படும் பிரகாசத்தைப் பார்த்தால், அது அவர்கள் அணி ஆடிய ஆட்டம் அல்ல என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தேதி கிடைத்தது, நேரம் கிடைக்கவில்லை. இந்த தேசத்தில் எந்தச் சனிக்கிழமை யாரோடு யார் மோதுவது என்பதைச் சில வருஷங்களுக்கு முன்கூட்டியே நிச்சயம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமையில் எத்தனை மணிக்கு என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை, டெலிவிஷன் கம்பெனிகளுக்கே உண்டு; அவர்களோ பல ஆட்டங்களுக்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்புதான் வாயைத் திறப்பார்கள், சில சமயம் ஆறு நாளைக்கு முன்பு. மத்தியானம் பன்னிரண்டா, பிற்பகல் மூன்றரையா, இரவு ஏழரையா என்று தெரியாத ஒரு காரியத்துக்கு இட்லிக்கு எப்போது ஊறப்போடுவது? கோயமுத்தூரிலிருந்து தினமும் தொலைபேசியில் பேசும் சம்பந்தி, இதற்குள் இரண்டு மூன்று வீடியோக்களைப் பார்த்துவிட்டு இந்த ஆட்டத்தில் நிபுணராகிவிட்டவர், "ராத்திரி ஆட்டம்தாங்க பார்க்கிறதுக்கு அழகு" என்று அங்கிருந்தபடியே தீர்ப்பு வழங்கினார். கடைசியில் பன்னிரண்டு மணி என்று செய்தி வந்தது.

வந்ததும் என் மனைவி பஞ்சாங்கத்தை எடுத்தாள். சனிக்கிழமை ராகுகாலம் ஊர்க் கணக்கில் ஒன்பதிலிருந்து பத்தரை. ஆனால் கொலம்பஸில் அந்த மாதத்தில் சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல். உதயத்திலிருந்து பகலை எட்டாகப் பங்கிட்டு மூன்றாவது பங்கை எடுத்தால், ராகுகாலம் பத்தேகாலுக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் விலகுகிறது. இவ்விரண்டில் எது சாஸ்திரோக்தம் என்று நான் ஆராய்ந்துகொண்டிருக்கையில், அவள் இரண்டையும் அனுஷ்டிப்பது என்று முடிவு செய்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒருவரும் படி இறங்கக் கூடாது என்று அறிவித்தாள். ஒன்பதரைக்குக் கிளம்புவதாக என் மகன் போட்டிருந்த அட்டவணை, வாகனம் நிறுத்துமிடம், நடை தூரம், வழியில் குழந்தைகளின் இயற்கை உபாதை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்களோடு கம்ப்யூட்டரில் பல வர்ணங்களில் தீட்டப்பட்டிருந்தது. ராகுவுக்கு அதில் கட்டம் இல்லை. மருமகள்தான் சமரச யோசனை சொன்னாள்: "பரஸ்தானம் வச்சுடலாம் அத்தை." ஒன்பதுக்கு முன்னால் பையை மட்டும் வெளியே அனுப்பிவிட்டால் பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு, ஆட்கள் சாவகாசமாகப் போகலாம்.

இங்கே பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டேடியத்துக்குள் கொண்டு போகிற பை கண்ணாடிபோல் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் பிளாஸ்டிக்கினால் ஆனதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலத்துக்குப் பன்னிரண்டு, அகலம் ஆறு. பாதுகாப்புக்காகச் செய்த விதி. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிரயாணப் பையின் கௌரவம் முழுவதும் அது மூடியிருப்பதில் அல்லவா அடங்கியிருக்கிறது! என் ரத்த அழுத்த மாத்திரைகள், அமிர்தாஞ்சன், விபூதிப் பொட்டலம், குரங்குக் குல்லாய், பேத்தியின் மாற்று உடுப்பு, எதற்கும் இருக்கட்டும் என்று மடித்து வைத்த ஒரு பழைய வேஷ்டித் துண்டு, இத்தனையும் லட்சம் பேருக்குக் காட்சி கொடுக்கும் என்று அறிந்ததும் என் மனைவி பையை இரண்டு தடவை பிரித்து, பார்வையாக இருக்கும் பொருள்கள் வெளிப்பக்கமாகவும் மற்றவை நடுவிலும் வரும்படி அடுக்கினாள். குல்லாய் எந்தப் பக்கம் வைத்தாலும் குல்லாயாகவே தெரிந்தது.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்தப் பை அடுத்த வீட்டுத் திண்ணையில் பரஸ்தானமாக வைக்கப்பட்டது. ஒரு கால் மணி நேரங்கூட ஆகியிராது. வாசல் மணி அடித்தது. அணியின் சிவப்புச் சட்டையை அணிந்த அந்த வீட்டு அம்மாள், கையில் எங்கள் பையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே மாத்திரைகளைப் பார்த்துவிட்டாராம். எங்கள் வீட்டுப் பெரியவருடையதாகத்தான் இருக்கும், மறதியாக வைத்துவிட்டார் போலிருக்கிறது, பாவம் என்று என்னைக் கருணையோடு பார்த்தவாறே அதைக் கூடத்து மேஜை வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கிளம்பிய பிரயாணம் வீடு திரும்பிவிட்டது. மணி எட்டே முக்கால். அதன் பிறகு பதினைந்து நிமிஷங்களுக்குள் ஆறு பேரும் புளியோதரைத் தூக்கும் அந்த வீட்டை விட்டு வெளியேறிய வேகத்தை, அன்றைக்கு மைதானத்தில் ஆடிய எந்தப் பிள்ளையிடமும் நான் காணவில்லை.

உள்ளே வெளியுணவு கொண்டு போகக் கூடாது என்பதால் சாப்பாடு வாகனம் நிறுத்தும் இடத்திலேயே நடந்தது. அதற்கென்றே ஜனங்கள் விடியற்காலையில் வந்து, காரின் பின்கதவைத் தூக்கி நிறுத்தி, கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, பலகையில் துவாரமிட்டு அதில் சிறு சோளப் பைகளை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பக்கத்தில் ஜமக்காளத்தை விரித்து இலை போல் வெட்டிய காகிதத் தட்டுகளில் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் பரிமாறிக்கொண்டதும், ஒரு தாட்டியான மனிதர் வந்து எட்டிப் பார்த்தார். என் மனைவி அவருக்கும் ஒரு தட்டு நீட்டினாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணில் நீர் துளிர்க்க, தலையை ஆட்டி, மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டு, பிரதியாகப் பேத்தியின் கையில் கொஞ்சம் பக்கைக் கொட்டைகளைக் கொடுத்தார். பளபளவென்று கரும்பழுப்பு நிறத்தில், ஓரத்தில் வெளிறிய வட்டத்தோடு இருக்கும் அந்தக் கொட்டைதான் அணியின் பெயரும் சின்னமும். சட்டைப் பையில் வைத்திருந்தால் அதிர்ஷ்டம் என்பது ஐதீகம். இதை வேகவைத்துச் சுண்டல் செய்யலாமோ என்று என் மனைவி யோசித்தாள். அது விஷம் என்று பேரன் அலறினான். தின்ன முடியாத ஒரு காயை லட்சம் பேர் கொண்டாடுவதில் ஏதோ பற்றற்ற தத்துவம் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆனால் அதே உருவத்தில் வேர்க்கடலை விழுதையும் சாக்கலேட்டையும் உருட்டி மிட்டாய் செய்து விற்கிறார்கள் என்று தெரிந்ததும் தத்துவம் கரைந்துவிட்டது.

ஆட்டத்துக்கு முன்னால் வாத்திய கோஷ்டி வந்தது. ஊதுவனவும் அடிப்பனவும் மட்டுமே கொண்ட அந்தப் பெரும் கோஷ்டி, ஒருவர் பின் ஒருவராக அணிவகுத்து நடந்தே மைதானத்தின் நடுவில் 'ஓஹையோ' என்று ஆங்கிலத்தில் கூட்டெழுத்தாக எழுதி முடிக்கும். 1936 முதல் நடந்துவரும் வழக்கம் இது. முடிந்ததும் உடம்பைச் சுற்றிய பெரிய பித்தளைக் குழலோடு ஒரு பிள்ளை துள்ளி நடந்து போய், 'ஐ' எழுத்தின் தலைமேல் புள்ளியாக நின்று, தொப்பியைக் கழற்றி இரு புறமும் குனிந்து வணங்குகிறான். எழுந்த ஆரவாரத்தில் பெஞ்சு அதிர்ந்தது. எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்ததற்காக வாத்தியாரிடம் குட்டு வாங்கியே வளர்ந்த நான், அதை வைத்ததற்காக ஒரு லட்சம் பேர் எழுந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஆட்டம். சட்டப்படி பதினைந்து நிமிஷம் கொண்ட நான்கு கால்கள், ஆகக் கூடி ஒரு மணி நேரம். நடப்பது மூன்றரை மணி நேரம். பந்து உண்மையில் நகரும் பொழுதை மட்டும் சேர்த்துக் கூட்டினால் இருபது நிமிஷம் தேறினால் அதிகம். மற்ற நேரமெல்லாம் ஆலோசனை. வட்டமாகக் கூடி யோசிக்கிறார்கள்; ஓரத்தில் காதுக் கருவி மாட்டிய பெரியவர்கள் பலகைகளைப் பார்த்து யோசிக்கிறார்கள்; திட்டம் தயாராகி, வரிசையில் நின்று, பந்தை எடுத்த ஐந்தாறு விநாடிகளில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து, மறுபடியும் எழுந்து யோசிக்கப் போய்விடுகிறார்கள். இந்த ஆட்டம் அந்நியர்களுக்குப் புரியாது என்று சொல்லுகிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு அது முதல் பத்து நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது.

மூன்றாவது கால் முடிகிறபோது கூலிக்கு வந்த அணி வெகு தூரம் பின்தங்கிவிட்டது. என் மனைவி மட்டும் அவர்கள் மூன்று கெஜம் நகர்ந்தாலும் கை தட்டிக்கொண்டிருந்தாள். முன்வரிசைக்காரர்கள் ஒன்றிரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, புளியோதரை மனிதர் சொல்லி வைத்தாற்போல், புன்னகையோடு விட்டுவிட்டார்கள். இப்போதே எழுந்துவிட்டால் வாகன நெரிசலுக்குத் தப்பலாம் என்று என் மகன் சொன்னான். பாதியில் எழுவது ஆடுகிற பிள்ளைகளுக்கு அவமரியாதை என்றாள் அவன் தாயார். எழுவதானால் பேத்தியை ஒரு தடவை அழைத்துப் போய் வந்துதான் எழ வேண்டும் என்றாள் மருமகள். மூன்றுக்கு மேல் ஆகிவிட்டதா, எமகண்டம் விலகிவிட்டதா என்று நான் கேட்டேன். ஊர்க் கணக்கா, கொலம்பஸ் கணக்கா என்றாள் என் மனைவி. சம்பந்தியை அழைத்துக் கேட்கலாம் என்று பேரன் சொன்னான்; கோயமுத்தூரில் அப்போது நள்ளிரவைத் தாண்டியிருந்தது. வலப்பக்கத்து வாசலா இடப்பக்கத்து வாசலா என்று விவாதம் இரண்டாம் கட்டத்தை அடைந்தபோது எங்களைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் கை போட்டுக்கொண்டு, அசைந்தாடியவாறு பல்கலைக்கழகத்தின் கீதத்தைப் பாடத் தொடங்கினார்கள். ஆட்டம் முடிந்துவிட்டிருந்தது.