நிறம் உறிஞ்சும் வித்தை

கேள்வி: தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படங்களில் நாங்கள் குடியிருக்கும் லயங்களை (வரிசை வீடுகளை) ஏன் நிறம் வெளுத்த பேய் வீடுகளாகவே காட்டுகிறார்கள்? (வாசகர், ஹட்டன்)

பதில்: வேலை சுலபம் என்பதால்தான். கணினியில் நிறச்செறிவைக் குறைத்து, நிழலில் கொஞ்சம் நீலம் ஏற்றினால் போதும். முகத்தின் இரத்தச் சிவப்பு வடிந்து, உயிரோடிருப்பவருக்குப் பிணக்களை வந்துவிடும். மீதியை நுவரெலியாவின் மூடுபனி பார்த்துக்கொள்ளும். கூடவே, கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறை ஏறிய விரல்நுனியும் தகரக் கூரையின் துருவும் ஒரே சாம்பலாகிவிடும். எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

பொகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1870களில் இலங்கைத் தொழிலாளர்களை நிறமில்லாமல் படமெடுத்தார்; அன்று வேறு வழியில்லை. இன்று நிறம் இருந்தும் வடித்துவிடுகிறார்கள்.

நிறமே பயமுறுத்தும் என்பதற்கு, 1956இல் வெளியான அலென் ரெனேயின் 'இரவும் மூடுபனியும்' ஆவணப்படத்தைப் பாருங்கள். நாஜி வதைமுகாம்களின் பழைய காட்சிகள் கறுப்பு வெள்ளை. பின்னாளில் வெறிச்சோடிக் கிடக்கும் முகாம் வண்ணத்தில். அங்கே முளைத்திருக்கும் பச்சைப் புல்தான் அடிவயிற்றைக் கலக்குகிறது.

2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடியது மண்சரிவு. அதைப் படமெடுப்பவர் மண்ணை மண்ணின் நிறத்திலேயே காட்டட்டும். பயம் தானாக வரும்.